கூடத்துக்கு வந்த காப்பிச் செடி

சென்னையில் ஆறாவது மாடியில் இருக்கும் என் மகள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு காப்பிச் செடி நிற்கிறது. அதன் இலையை ஈரத்துணியால் துடைக்கிறார்கள், அதற்கென்று தனி விளக்குகூட மாட்டியிருக்கிறார்கள். எங்கள் மலைக்கிராமமான தாண்டிக்குடியில் அதையெல்லாம் மழை பார்த்துக்கொண்டது.

மார்கழி பிறந்தால் அங்கே நாற்றுக்கு விதை எடுப்போம். நன்றாகக் காய்க்கிற செடியாகப் பார்த்துத் தாத்தா துணி கட்டி வைத்திருப்பார். அதில் முழுச் சிவப்பாகப் பழுத்ததை மட்டும் பறித்து வந்து திண்ணையில் கொட்டிவிட்டால், அப்புறம் பிள்ளைகள் வேலைதான். விரலால் பிதுக்கினால் கொழகொழவென்று இரண்டு கொட்டைகள் வழுக்கி விழும். தோலின் உள்பக்கம் தித்திக்கும். ஒன்றைப் பிதுக்கினால் ஒன்றைச் சப்புவோம். காப்பி என்றாலே கசப்பு என்றிருப்பவர்களுக்கு அந்தத் தித்திப்பை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது! கொட்டைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளி, மூழ்கியதைச் சலித்த அடுப்புச் சாம்பலில் புரட்டினால் வழுவழுப்பு போய்விடும். நிழலில் உலர்த்தி, தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி பாத்தியில் பதித்து, மண் தூவி, மேலே காய்ந்த புல்லைப் பரப்பிவிட்டால், அந்த மலைக்குளிரில் தலைகாட்ட ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் புல்லைத் தூக்கிப் பார்த்துத் தாத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத பிள்ளை எங்கள் தெருவில் உண்டா?

மகள் பாத்தி எதுவும் போடவில்லை. கொட்டையின் மேலோட்டை நகத்தால் உரித்து, ஈரத்துணியில் பரப்பி, மூடி போட்ட கண்ணாடி டப்பாவில் வைத்தாள். மேலோடு போனாலே முளைப்பு முந்தும். சென்னைச் சூடும் சேர்ந்துகொள்ள, ஒரு மாதத்துக்குள் வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்துவிட்டது. வளர்ந்த செடிக்கு ஆகாத இந்த ஊர்ச் சூடு, விதைக்கு மட்டும் தாய்வீடு. காலமெல்லாம் நாற்றுப் போட்ட தாத்தா, வேர் கிளம்பும் இந்த முதல் நாளைக் கண்ணாடி வழியே பார்த்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! அப்புறம் தேங்காய் நார்க்கழிவில் நட்டதும், கொட்டையைத் தலையில் சுமந்தபடியே தண்டு நிமிர்ந்தது. சில வாரங்களில் அந்தத் தொப்பி கழன்று, ஓரம் நெளிந்த இரண்டு வட்ட இலைகள் விரிந்தன. மலையில் முள்முருங்கையும் சில்வர் ஓக்கும் கொடுத்த நிழலை இங்கே ஜன்னல் திரை கொடுக்கிறது.

அடுத்த நாற்றுக்குப் பாக்கெட்டில் வரும் விதை வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். காப்பி விதை காத்திருக்கிற விதை இல்லை. சாதாரணமாக வைத்திருந்தால் சில மாதங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும். எங்கோ பறித்து, எங்கோ அடைத்து, எந்த மாதத்தில் கைக்கு வருகிறதோ! அதனால் வரும் மார்கழியில் பழமாகவே பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லித் தம்பி மகனிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பழம் போதுமே என்கிறாள் மகள். விதைக்கு இரண்டு போதும். சப்புவதற்கு ஒரு கூடையாவது வேண்டாமா, பேரப்பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்களே.