விசுவாசம் போதாதா?

கேள்வி: கிறிஸ்தவருக்கு விசுவாசம் இருந்தால் போதாதா? நற்செயலும் கட்டாயமா?
– வாசகி ஒருவர், ராணிப்பேட்டை

பதில்: பசியோடு நிற்பவரை வாழ்த்தி மட்டும் அனுப்பினால் அவர் வயிறு நிறையுமா என்று யாக்கோபு தம் நிருபத்தில் அன்றே கேட்டுவிட்டார். உங்கள் ஊரில் பிறந்த ஐடா ஸ்கடரையே பாருங்களேன். மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்த பெண் அவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் மருத்துவர் வேண்டவே வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். மூன்று தாய்மாரும் இறந்தார்கள். அந்த இரவில் ஐடா ஜெபித்தார். ஜெபத்தோடு நிற்காமல் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பினார். 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையோடு வைத்தியம் தொடங்கியது. சாலையோர மரத்தடிகளிலும் நோயாளிகளைப் பார்த்தார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அதன் வளர்ச்சிதான் இன்றைய சி.எம்.சி எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும்! விசுவாசம் வேர் என்றால், அந்த மருத்துவமனை அதன் கனி. இரண்டையும் பிரித்துக் கேட்பதே தவறு. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், உங்கள் தெருவில் நோயில் படுத்திருப்பவர் வீட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டோடு போய் வாருங்கள்.