தூக்குக்குண்டைச் சாய்க்கலாமா தம்பி?

வா தம்பி, உக்காரு. செருப்பை ஓரமா விடு. மூணாவது மாடியில ராவெல்லாம் கம்ப்யூட்டரைத் தட்டிக்கினு இருக்கிற பையன் நீதானே? பிள்ளைங்க சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு ப்ராஜெக்ட் செய்ய ஏதோ ஆன்லைன் வழிகாட்டி இருக்காமே, அதை நீ திருத்தப் போறியாமே? பேத்தி சொன்னா. கலரை மாத்துறியாம். பொம்மையைப் பேச வைக்கிறியாம். ஏஐ வேற உள்ள வந்து சம்மணம் போட்டு உக்காருதாம். நல்லது. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறதைத் தப்புன்னு எந்த மேஸ்திரி சொல்லுவான்? ஆனா சுவரு நேரா நிக்குதான்னு பாத்தியா?

நான் மேஸ்திரிடா கண்ணு. ராயக்கோட்டைப் பக்கத்துல இருந்து கரணையும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் எடுத்துக்கினு இந்தப் பொம்மனஹள்ளிக்கு வந்தப்ப, நீ இப்ப குடியிருக்கிற எடத்துல ராகி வெளைஞ்சுது. இப்பப் பாரு. 2025 ஆகஸ்டுல மஞ்சள் லைன் மெட்ரோ விட்டாங்க, தலைக்கு மேல ரயில் சல்லுனு போவுது. கீழ ஓசூர் ரோட்டுல வண்டி சில்க் போர்டு வரைக்கும் ஆமை மாதிரி நகருது. முன்னேத்தம்னா ரெண்டும் ஒண்ணா இருக்கும்போல.

எங்க தெரு ஸ்டேஷனரிக் கடைக்காரருக்கு வருசத்துல ரெண்டு தீபாவளி. ஒண்ணு, ஸ்கூல் தொறக்கிற வாரம். இன்னொண்ணு, எக்ஸிபிஷன் வாரம். தெர்மோகோல் அட்டை கூரை வரைக்கும் அடுக்கி வெச்சிருப்பாரு. நாலு சிரிஞ்சு, ரெண்டு மொழம் டியூப்பு, ஒரு கட்டு ஐஸ் குச்சி, இதைச் சேத்தா ஹைட்ராலிக் லிஃப்ட்டாம். செவப்புப் பெயிண்ட் அடிச்ச களிமண் கூம்பு, அது எரிமலை. கொஞ்சம் வசதியான அப்பனா இருந்தா லீவு போட்டுட்டு எஸ்.பி. ரோட்டுக்கு ஓடி, மோட்டாரும் சென்சாரும் வாங்கிட்டு வந்துடுவான். அப்பன் சால்டர் பண்றான். ஆத்தா கலர்ப் பேப்பர் ஒட்டுறா. பிள்ளை என்னா பண்ணுது? "குட் மார்னிங் சார், மை ப்ராஜெக்ட் ஈஸ்"னு கண்ணாடி முன்னாடி நின்னு மனப்பாடம் பண்ணுது.

என்.சி.இ.ஆர்.டி. நடத்துற கண்காட்சிக்கு மார்க் போடுற விதி இருக்குது. பிள்ளையோட சொந்தக் கற்பனைக்கும் அதுல மார்க் உண்டு. அந்த மார்க்கை யாருக்குப் போடுறது? அப்பனுக்கா, ஆத்தாளுக்கா, கடைக்காரருக்கா?

அந்த எரிமலையைத்தான் எடுத்துக்கோயேன். சமையல் சோடாவுல வினிகரை ஊத்துறாங்க, புஸ்ஸுனு பொங்குது. எல்லாரும் கை தட்டுறாங்க. வினிகர்ப் புளிப்பும் சமையல் சோடாவும் சேந்தா கரியமில வாயு வரும், நுரைக்கும், அவ்வளவுதான் சங்கதி. எரிமலைக்கும் அதுக்கும் என்னா சொந்தம்? பாறை உருகி, உள்ள அடைஞ்ச வாயு முட்டித் தள்ளுறது எங்க, இந்தச் சோடா நுரை எங்க? இதை எரிமலைன்னு சொன்னா, கோலி சோடா ஒடைக்கிறவனை எல்லாம் எரிமலை விஞ்ஞானின்னு சொல்லணும்.

உன் வழிகாட்டியில எரிமலை இருக்குதா? இருக்குதா! நீ செஞ்சு பாத்தியா? சிரிக்காதே. செஞ்சு பாத்தியா?

சரி, கேளு. போன வருசம் நடந்தது. பேத்தி ஏழாவது. தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்குதுன்னு ப்ராஜெக்ட். வழிகாட்டியைத் தொறந்தா, தேவையான பொருள், செய்முறை, கடைசியில 'எதிர்பார்க்கும் முடிவு: 100 டிகிரி'. எல்லாம் ரெடி. நான் அலமாரியில இருந்து காய்ச்சல் தர்மாமீட்டரை எடுத்துக் கொடுத்தேன். "தாத்தா, அது 42-லயே வெடிச்சுடும்"னு என் தலையில ஒண்ணு போட்டா. அப்புறம் லேப்ல வெக்கிற நீளமான கண்ணாடி தர்மாமீட்டர் ஒண்ணு வாங்கியாந்தோம்.

பால் காய்ச்சுற பாத்திரத்துல தண்ணி தளதளன்னு கொதிக்குது. தர்மாமீட்டர் ஏறுது, ஏறுது, 97-க்குப் பக்கத்துல வந்து நின்னுடுச்சு. அடுப்பைப் பெருசு பண்ணா. நகரலை. மூடி போட்டா. நகரலை. கேஸ்தான் தீந்துது. பொண்ணு மூஞ்சி சுண்டிப்போச்சு. கடைசியில என்னா பண்ணா தெரியுமா? நோட்டுல 100-னு எழுதிட்டா. "ஏன்டி, 97 தானே காட்டுச்சு?"னு கேட்டா, "வழிகாட்டியில 100-னு போட்டிருக்கு தாத்தா. 97-னு எழுதினா மிஸ் தப்புன்னு அடிச்சுடுவாங்க"ங்கறா.

எனக்கு வயித்துல பக்குனுச்சு தம்பி. நாப்பது வருசம் சுவர் கட்டினவன் நான். தூக்குக்குண்டு விட்டுப் பாத்து, சுவரு சாஞ்சிருக்குதுன்னா சுவரை இடிப்பேன். குண்டைச் சாய்ச்சுக் கட்டமாட்டேன். இந்தக் குழந்தை குண்டையே சாய்ச்சுடுச்சு. அதுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது யாரு?

ஆனா பொண்ணு எழுதினது பொய்யி, தர்மாமீட்டர் சொன்னது நெசம். பெங்களூரு எங்க இருக்குது? கடல்மட்டத்துக்கு மேல 900 மீட்டருக்கு மேல. மேல போகப் போகக் காத்தோட அழுத்தம் கம்மி. அழுத்தம் கம்மியானா தண்ணி சீக்கிரமே கொதிச்சுடும். முந்நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி எறங்கும். கணக்குப் போடு. 97 வருதா? இந்த ஊர்ல தொறந்த பாத்திரத்துல வெச்ச பருப்பு ஏன் இத்தனை நேரம் வேவாம நிக்குது, எல்லாரும் ஏன் குக்கரைக் கட்டிக்கினு அழறாங்கன்னு இப்பப் புரியுதா? ஊர்ல களி கிண்டின உன் பாட்டிக்கு இது தெரியும். டிகிரிதான் தெரியாது.

அப்புறம் நானே உக்காந்து அவகிட்ட சொன்னேன். முதல்ல தர்மாமீட்டர் யோக்கியனான்னு பாரு. ஐஸ் கட்டியை நொறுக்கி, அது உருகிக்கினு இருக்கறப்ப உள்ள வை. 0 காட்டுதா? காட்டுச்சு. அப்ப அது மேல பழி போடக் கூடாது. பொறவு மெட்ராஸ்ல கடலோரமா இருக்கிற அத்தைக்கு போன் போடு, அவளையும் இதே மாதிரி செய்யச் சொல்லு. அத்தை அங்க தர்மாமீட்டர் வாங்கிக் கொதிக்க வெச்சுட்டு, "நூறுடி, நூறு!"னு என்னமோ ஸ்கோர் சொல்ற மாதிரி கத்தினா. ஆச்சா? ரெண்டு ஊரு, ஒரு கேள்வி, ரெண்டு பதில். அதுதான் ப்ராஜெக்ட். தெர்மோகோல் ஒரு துண்டு செலவில்லை.

பரிசா? வரலை. சுத்துற விளக்கு வெச்ச ராக்கெட்டுக்குக் கொடுத்துட்டாங்க. அதைச் செஞ்ச அப்பா மேடையிலேயே மகனை ஓரமா நவுத்திட்டு ஃபோட்டோவுக்கு நின்னாரு. போவட்டும், உழைச்சவரு அவருதானே.

வழிகாட்டி சொன்னா வேதமான்னு கேட்ட ஆளு ஒருத்தரு உண்டு. திருவானைக்காவல்ல பொறந்த நம்ம சர் சி.வி. ராமன். கடல் ஏன் நீலமா இருக்குதுன்னா, வானத்தோட நீலம் அதுல தெரியுதுன்னு ரேலே பிரபு சொல்லி வெச்சிருந்தாரு. நோபல் பரிசு வாங்கின பெரிய மனுசன். அவரு சொன்னா யாரு எதுத்துப் பேசுவா? 1921-ல சீமையில இருந்து கப்பல்ல வரப்ப ராமன் என்னா பண்ணாரு? பையில இருந்த சின்ன நிக்கோல் பட்டகத்தை எடுத்துக் கண்ணுல வெச்சாரு. தண்ணி மேல பட்டுத் திரும்புற வெளிச்சத்தை அது வெட்டி விட்டுடும். வானத்தோட நிழல் போயிட்டா நீலமும் போவணும் இல்லையா? போவலை. இன்னும் நல்லாத் தெரிஞ்சுது. அப்ப நீலம் தண்ணிக்குள்ளயே இருக்குது! அந்தச் சந்தேகம் புடிச்சு இழுத்துக்கினு போயித்தான் 1928 பிப்ரவரி 28-ல ராமன் விளைவு. அந்தத் தேதியைத்தான் நீங்க தேசிய அறிவியல் தினம்னு கேக் வெட்டிக் கொண்டாடுறீங்க. அவரு 1933-ல இந்த ஊருக்கே வந்து சேந்து, 1948-ல இங்கயே சொந்தமா ஆராய்ச்சிக்கூடமும் வெச்சாரு. கப்பல்ல அவரு கையில உன் வழிகாட்டி இருந்திருந்தா? 'எதிர்பார்க்கும் முடிவு: வானத்தின் பிரதிபலிப்பு'. படிச்சுட்டுத் தூங்கியிருப்பாரு.

நான் எல்லாத்தையும் குத்தம் சொல்ற கெழவன்னு நெனைச்சுக்காதே. அமெரிக்காவுல 2001-ல ஆரம்பிச்ச சயின்ஸ் படீஸ்னு ஒண்ணு இருக்குதாம். பேத்தி காட்டினா. உனக்கு என்னா புடிக்கும், அது புடிக்குமா, இது புடிக்குமான்னு பிள்ளைகிட்ட வரிசையாக் கேள்வி கேட்டுட்டு, உனக்கு இந்தப் ப்ராஜெக்ட் பொருந்தும்னு எடுத்துக் கொடுக்குது. நம்ம ஜோசியரு பத்துப் பொருத்தம் பாக்குறதை அவன் பட்டன்ல பண்ணிட்டான். ஆனா அதுல ஒரு நல்ல வார்த்தை இருக்குது: ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். அதைச் சொன்னவன் வாயில சக்கரை போடணும்.

அவங்க ப்ராஜெக்ட்டை அப்படியே தமிழ்ல மாத்தி வெக்கிறீங்க பாரு, அங்கதான் கூத்து. ஊதா முட்டைக்கோஸ் வாங்கு, அதோட சாறு அமிலத்துல ஒரு நெறம், காரத்துல ஒரு நெறம்னு எழுதியிருக்கீங்க. அந்தக் கோஸுக்குப் பொம்மனஹள்ளி மார்க்கெட்டை நாலு சுத்து சுத்தணும். ஏன்டா, உன் சட்டையில சாம்பார்க் கறை பட்டு, சோப்புப் போட்டா செவப்பாச்சே, நீ பாத்ததே இல்லையா? மஞ்சப்பொடி தம்பி. எல்லா வீட்டு அஞ்சறைப் பெட்டியிலயும் இருக்குது. எலுமிச்சை புழிஞ்சா திரும்பவும் மஞ்சளாயிடும். செம்பருத்திப் பூ வேணுமா, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுல எட்டிப் பறி. திட்டு வாங்கினா அது தனிப் பரிசோதனை.

நம்ம நாட்டுலயும் ஆளு இல்லாம இல்லை. அர்விந்த் குப்தான்னு ஒருத்தரு. கான்பூர் ஐ.ஐ.டி.யில படிச்சுட்டு, சைக்கிள் வால்வு டியூப்பைத் துண்டு துண்டா வெட்டித் தீக்குச்சியைச் செருகிப் பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாரு. குப்பையில பொம்மை செய்யுற வித்தை எல்லாம் இணையத்துல சும்மாவே போட்டு வெச்சிருக்காரு. 2018-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அவரு இணையப் பக்கத்துல பளபளப்பு இல்லை, பேசுற பொம்மை இல்லை. பிள்ளைங்க பாக்காமலா போச்சுங்க?

அப்புறம் இந்தக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993-ல இருந்து நாடு முழுக்க நடக்குது. அங்க தமிழ்நாடு அறிவியல் இயக்கம், இங்க கர்நாடக ராஜ்ய விஞ்ஞான பரிஷத்து எடுத்து நடத்தினாங்க. மாநாட்டுல பளபளன்னு மாடல் கேக்கமாட்டாங்க. உன் ஊர்ல என்னா பிரச்சினை, நீ போய்ப் பாத்தியா, எண்ணினியா, அளந்தியான்னுதான் கேப்பாங்க. பொம்மனஹள்ளியில அதுக்கா பஞ்சம்? காவேரித் தண்ணி, போர்த் தண்ணி, டேங்கர்த் தண்ணி, மூணுலயும் ஒரே அளவு எடுத்து ஒரே சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டா விட்டுக் குலுக்கு. எதுல எத்தனாவது சொட்டுல நுரை நிக்குதுன்னு எண்ணு. உப்புத்தண்ணி சோப்பைத் தின்னுட்டு ஏப்பம் விடும். டேங்கர்க்காரன் "காவேரிதான் சாமி"ன்னு சத்தியம் பண்ணுவான். சொட்டு சத்தியம் பண்ணாது.

அப்ப உன் வழிகாட்டியில என்னா திருத்தணும்னு கேக்கறியா? ரப்பரை எடு. 'எதிர்பார்க்கும் முடிவு'ங்கற கட்டத்தை அழிச்சுடு. அந்த எடத்துல 'நீ என்னா நெனைக்கிறே, ஏன் அப்படி நெனைக்கிறே'ன்னு எழுது. அதுக்குக் கீழ இன்னொரு கட்டம் போடு: 'எது சொதப்பிச்சு'. அந்தக் கட்டம் காலியா வந்தா அப்பன் செஞ்சதுன்னு அர்த்தம். வேற என்னா? ஆங், நீ செஞ்சு பாக்காத எதையும் அதுல ஏத்தாதே. சமைக்காதவன் எழுதின சமையல் குறிப்பை நம்பி எங்க வீட்டுல ஒருதரம் மைசூர்பாகு செஞ்சோம். இன்னிக்கும் அது ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துக்கினு இருக்குது.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எல்லாரும் அவளைப் பாத்துச் சிரிக்கிறாங்க. நான் மேஸ்திரியாச்சே, ஒண்ணு கேக்கறேன். கூடத்துக்கு யாராச்சும் மட்டம் வெச்சுப் பாத்தாங்களா? நெசமாவே கோணலா இருந்திருந்தா?

இந்த வருச ப்ராஜெக்ட் என்னான்னு சொல்லட்டுமா? இட்லி மாவு. சிரிக்கிறே பாரு. மார்கழி வந்தா இந்த ஊர்ல மாவு பொங்குதா? ஊர்ல ராவுல ஆட்டி வெச்சா விடியறதுக்குள்ள மூடியைத் தள்ளும். இங்க மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்கும். மாவுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க இருக்குதாம், பேத்தி நாக்கு சுளுக்குற பேரா ஒண்ணு சொன்னா. அதுங்கதான் வாயு விட்டு மாவை ஏத்துதாம். அதுங்களுக்கும் குளிருதுபோல.

அஞ்சு டம்ளர்ல ஒரே மாவு, ஒரே அளவு. ஒண்ணு அரிசி டிரம்முக்குள்ள. ஒண்ணு ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி, அங்க கதகதன்னு இருக்கும். ஒண்ணு கம்பளி சுத்தி. ஒண்ணு ஜன்னல்ல. ஒண்ணு மொட்டை மாடியில. ஒவ்வொண்ணுலயும் மாவு எங்க நிக்குதோ அங்க ரப்பர் பேண்டு. ரெண்டு மணிக்கு ஒருதரம் ஸ்கேல் வெச்சு எவ்வளவு ஏறுச்சுன்னு எழுதறது. முதநாள் நான் எவர்சில்வர் டம்ளரா எடுத்துக் கொடுத்துட்டேன். ரப்பர் பேண்டு போட்டாச்சு, மாவு எங்க நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்? நாப்பது வருசத்து மேஸ்திரி! சொதப்பல் கட்டத்துல முதல் வரியே என் பேருதான். அப்புறம் கண்ணாடி டம்ளருக்கு மாத்தினோம்.

இதுக்கு நடுவுல பாட்டி வந்தா. கரண்டியில கலக்கின மாவு பொங்காது, கையால கலக்கணும்னா. பேத்தி அவளை முறைச்சுப் பாத்துட்டு, "அது வேற கேள்வி பாட்டி, வேற நாளைக்கு"ன்னா. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணுமாம். பாட்டிக்குக் கோவம். எனக்குச் சிரிப்பு.

இப்ப ஒரு சிக்கல். மொட்டை மாடி டம்ளர் தூங்கும்னு நெனைச்சோம், தூங்குது. கம்பளி சுத்தினதும் தூங்குது! கம்பளி சூடு தானே? போத்திக்கினா எனக்குச் சுடுதே, மாவுக்கு ஏன் சுடலை? பேத்தி ஸ்கூல்ல இருந்து வந்ததும் மூணாவது தரம் அளக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா. ஏய், அந்த போனை எடுக்காதே, கீழ வை. டம்ளர் அங்க அலமாரிக்குப் பக்கத்துல இருக்குது. கம்பளியை மெதுவாப் பிரி. டம்ளரைத் தொட்டுப் பாரு. சூடா இருக்குதா, சில்லுனு இருக்குதா? கை கழுவினியா முதல்ல?