கடுகு டப்பாவில் பால்ரஸ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜமுனாமரத்தூர் டீக்கடை பெஞ்சில் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். போளூர்ப் பக்கமிருந்து மலையேறி வரும் புல்லட்டுகளைக் காதால் பார்த்துக்கொண்டிருக்கிறார். "டேப்பெட் லூஸு" என்பார் ஒரு வண்டிக்கு. "சைலன்சரை மாத்திட்டான் பாவி" என்பார் அடுத்ததற்கு. இவர் என் அக்காவின் கணவர். மலைப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சாக்பீஸைக் கீழே வைத்த கையில் ஸ்பேனரை எடுத்தவர், இன்னும் வைக்கவில்லை.

சென்னைப் பையன்கள் யாராவது வண்டியை நிறுத்தி, "பீமன் அருவிக்கு எப்படிப் போகணும் சார்?" என்று கேட்டால் தொலைந்தார்கள். மாமா 1955-லிருந்து ஆரம்பிப்பார். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது, ராணுவம் 800 புல்லட் கேட்டது, திருவொற்றியூரில் டேங்க்கின் பொன்கோட்டைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தது, இங்கிலாந்துத் தாய்வீட்டில் அடுப்பு அணைந்த பிறகும் மகள் வீட்டில் உலை கொதித்தது என்று வரலாறு நடக்கும். பையன்கள் அருவிக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் போயிருக்கும்.

மாமாவின் வண்டி 1971 மாடல். 2014-ல் போளூரில் ஒரு மாட்டுக்கொட்டகையில் அதைக் கண்டெடுத்தார். அப்போது சீட்டின் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்துதான் வண்டியை ஏற்றிவந்தார். இதை அவர் தன் இரக்க குணத்துக்குச் சான்றாகச் சொல்வார். அக்காவோ, "கோழிக்குக் கிடைச்ச மரியாதை எனக்குக் கிடைக்கலை" என்பாள். வண்டி வந்த வாரமே ஆட்டுக்கொட்டகை பட்டறை ஆனது. ஆடுகள் வராந்தாவுக்கு வந்தன. அக்கா சமையலறைக்குள் ஒதுங்கினாள். அங்கும் நிம்மதி இல்லை. நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாவற்றுக்கும் டப்பா வேண்டுமே! ஒருநாள் தாளிக்கக் கடுகு எடுத்தவள் எண்ணெயில் போட்டது பால்ரஸ் குண்டுகளை. வெடிக்காமல் கிடந்ததால்தான் சந்தேகமே வந்தது.

சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 346 சி.சி. வாத்தியார் என்பதால் போட்டும் காட்டுவார். பழைய இங்கிலாந்து மரை என்பதால் நம் ஊர் பத்து, பன்னிரண்டு ஸ்பேனர்கள் சில இடங்களில் பிடிக்காது. ஒன்று நுழையாது, இல்லையென்றால் வழுக்கும். அதற்கென்று விட்வொர்த் அளவு ஸ்பேனர் தேடியே ஒரு வருஷம் போனது. மாமாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

தேடுவதென்றால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகள்தான். அதற்குத் தனி வேஷம் உண்டு. என்ன வருஷத்து வண்டி என்று தெரிந்தால் கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவார் என்று, கசங்கின வேட்டியோடு போய், பம்ப்செட்டுக்குச் சாமான் தேடுகிறவர் போல இரும்புக் குவியலை அசட்டையாகக் காலால் தள்ளுவார். மூன்றாம் முறை போனபோது கடைக்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "வாங்க சார், அந்த செவன்டி ஒன் மாடல் டூல் பாக்ஸ் மூடி வந்திருக்கு."

ராத்திரி வேலை வேறு விதம். காவலூரில் 1986-லிருந்து 2.34 மீட்டர் கண்ணாடி வைத்து வானத்தைப் பார்க்கிறார்கள். அதே மலையில், அதே இருட்டில், மாமா டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கான்டாக்ட் பாயிண்ட்டின் இடைவெளியைப் பார்ப்பார். வேண்டியது 0.35-லிருந்து 0.4 மில்லிமீட்டர். அங்கே நட்சத்திரம் தெரிந்ததோ இல்லையோ, இங்கே பொறி தெரிந்த இரவில் தெருவையே எழுப்பிவிட்டார்.

வண்டி ஓடத் தயாரான சமயத்தில்தான் மத்திய அரசு அவருக்குக் கைகொடுத்தது. 2021 ஜூலையில் விதி வந்தது. ஐம்பது வயது கடந்த, எஞ்சினிலும் சேசிஸிலும் கைவைத்து மாற்றாத வண்டிக்கு 'விஏ' எழுத்தோடு தனி நம்பர். 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்குச் செல்லும். ஏழு வருஷம் இழுத்தடித்ததில் வண்டிக்குச் சரியாக ஐம்பது முடிந்திருந்தது. "பார்த்தியா, அவசரப்பட்டிருந்தா கெட்டிருக்கும்" என்றார் மாமா. இன்னொன்றையும் அதில் கண்டுபிடித்தார். அந்த வண்டியை அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது என்று சிலவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம்.

"போளூர் சந்தைக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போங்களேன்" என்று அக்கா கேட்டாள்.

"சட்டம் இடம் கொடுக்காது" என்றார் மாமா. இத்தனை சந்தோஷமாகச் சட்டத்தை மதித்த மனிதரை நான் பார்த்ததில்லை.

நம்பர் வந்ததும், சட்டப்படி பெட்ரோல் போட, நானும் அவரும் போளூருக்குக் கிளம்பினோம். பெட்ரோலுக்கு அவ்வளவு தூரம் மலை இறங்க வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, கிக்கரை ஓர் உதை. ஒரே உதைதான். மாமாவின் முகத்தில் களை இல்லை. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக் என்று வாய்ப்பாடு போல முணுமுணுத்தபடி ஓட்டினார். திரும்பி மலையேறும்போதும் எந்த வளைவிலும் திணறல் இல்லை, சூடு இல்லை, பிளக்கில் கரி இல்லை. மனிதர் பேசவே இல்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டுக் காலி மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவரைப் போல இருந்தார்.

பாதி மலையில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் எங்களை முந்தியது. முன்னால் ஒரு புளி மூட்டை, பின்னால் இரண்டு. நடுவில் ஓட்டுகிறவரின் தலை மட்டும் தெரிந்தது. மேலே டீக்கடையில் எங்களுக்கு முன்பே நின்றிருந்தார். மூட்டையைச் சரிசெய்தபடி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது சார். எத்தனை மூட்டை ஏத்தும்?"

மாமா பதில் சொல்லவில்லை. மூட்டைக்காரர் குனிந்து எஞ்சின் பக்கம் காதை வைத்தார்.

"உள்ளே லேசா ஏதோ தட்டுதே சார்."

"எங்கே?" மாமா பாய்ந்து வந்தார். "எந்தப் பக்கம்? டைமிங் பக்கமா, கிளட்ச் பக்கமா?" ஏழு வருஷத்தில் வந்துபோன அத்தனை வெளிச்சமும் அந்த முகத்தில் ஒன்றாக வந்திருந்தது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. டீ ஆறியது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சட்டையைக் கழற்றிக்கொண்டே அவர் கொட்டகைக்குள் போனார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய், கடுகை ஒரு தாளில் கொட்டிவிட்டு டப்பாவைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தாள்.