நாய்க்கு 'இரு', டீக்கடைக்கு 'அரு'

கேள்வி: ஜப்பானிய மொழியிலும் 'இரு' என்றால் 'இரு'தானாமே? (வாசகி, கிழக்குத் தாம்பரம்)

பதில்: பாதி சரி. அங்கே மனிதருக்கும் விலங்குக்கும் 'இரு', மற்றதற்கெல்லாம் 'அரு'. தாம்பரம் நடைமேடையில் படுத்திருக்கும் நாய்க்கு 'இரு', பக்கத்து டீக்கடைக்கு 'அரு'. உயிர் இருந்தும் மரத்துக்கு 'அரு'தான். உயர்திணை, அஃறிணை பழகிய நமக்கு இது சுலபம். நாய் மட்டும் கட்சி மாறிவிடும்.

பணத்தில் உஷார்! 'ஒகானே கா அரு' என்றால் பணம் இருக்கிறது. 'ஒகானே கா இரு' என்றால் பணம் தேவை. அது அதே ஒலியுள்ள வேறொரு வினைச்சொல். ஓர் எழுத்து மாறினால் கொடுப்பவர் கேட்பவராகிவிடுவார்.

'தபேதே இரு' என்றால் 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்'. வினையோடு 'இரு' வந்து ஒட்டும் இந்த அழகு தமிழ்க் காதுக்கு உடனே பிடித்துப்போகும். ஆனால் அதை வைத்து உறவு கொண்டாட முடியாது. பழைய ஜப்பானியத்தில் அந்தச் சொல் வகர ஒலியில் தொடங்கியது, பொருள் 'உட்கார்'. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று வாதிட்ட பேராசிரியர் சுசுமு ஓனோவின் (1919–2008) உழைப்பு பெரிது. பெரும்பாலான மொழியியலாளர்கள் அவர் முடிவை ஏற்கவில்லை.

ஒரகடம் பக்கம் ஜப்பானியரோடு வேலை பார்க்கப் போகிறவர்கள், 'இரு', 'அரு' இரண்டையும் முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள்.