பீரோ மேல ஏறுன புலி

வா மருமவனே, இப்பிடி குந்து. புள்ள கையில இருந்த ‘ஜங்கிள் புக்’கைப் புடுங்கி பீரோ மேல போட்டுட்டியாமே? அதுல வர்ற ஷேர்கான் புலியே மவுக்லிகிட்ட அவ்ளோ உறுமியிருக்காது.

கிப்ளிங் மோசமான ஆளுன்னு போன்ல படிச்சியாம். பொய்யில்லதான். பம்பாயில பொறந்து, 1894ல இந்த புக்கை எழுதி, 1907ல நோபலும் வாங்குன மனுசன். 1919ல ஜாலியன்வாலாபாக்ல சனத்தைச் சுட்டுத் தள்ளுனானே டயரு, அவனுக்கோசரம் அடுத்த வருசம் லண்டன் பேப்பர் ஒண்ணு உண்டி குலுக்குச்சு. 26,000 பவுண்டுக்கு மேல வுழுந்துது. கிப்ளிங் போட்டது 10. ஆடி மாசம் கூழ் ஊத்த நீ காசு குடுப்பியே, அதே மாதிரி!

உசுரோட இருந்தா, புக்கு வாங்குற காசு அவருக்குப் போவுமேன்னு யோசிக்கலாம். 1936லயே போய்ச் சேந்துட்டாரு.

சரி, போன ஞாயித்துக்கெழமை எங்களை மாமல்லபுரம் இட்டுகினு போனியே, அது யாரு பேரு? 642ல வாதாபியைப் புடிச்சி சூறையாடுன மாமல்லன் நரசிம்மவர்மன் பேரு. வாதாபிதான் இப்ப பாதாமி. பாதாமிக்காரனைக் கேளு, வேற கதை சொல்லுவான். நீ அங்க வேர்க்கடலை வாங்கித் தந்து போட்டோ புடிச்ச.

அங்க அர்ச்சுனன் தபசு சிற்பத்துல பூனை ஒண்ணு கையைத் தூக்கிகினு தவம் பண்ணுதில்ல, சுத்தி எலிங்க? “இது நல்ல பூனையா தாத்தா?”ன்னா புள்ள. “எலியைக் கேளு”ன்னேன். சிரிச்ச சிரிப்புல கடலையெல்லாம் கீழ கொட்டிடுச்சு.

அப்பால வடநெம்மேலி. முதலைப் பண்ணைக்குள்ள இருளருங்க சொசைட்டி, 1978ல ஆரம்பிச்சது. தோலுக்குப் பாம்பு புடிச்சவங்க, சட்டம் வந்து பொழப்பு போனதும் விஷம் எடுக்க வந்தாங்க. ஜாடி வாயை இழுத்துக் கட்டி, நாகப்பாம்பு தலையைப் பதனமாப் புடிச்சி கடிக்க வுட்டாரு ஒருத்தரு. உள்ள மஞ்சளா ரெண்டு சொட்டு. பாம்புக்கடி மருந்துக்கு அதான் முதலு. சில வாரம் வச்சிருந்து பாம்பைத் திரும்ப வுட்டுடுவாங்களாம். நீ அப்ப போன் பேசிகினு இருந்த.

ஊட்டுக்கு வந்து அந்த புக்குல இருக்கற கீரிப்புள்ள கதையைப் படிச்சவ, “பாம்பை இவ்ளோ கெட்டவனா எழுதியிருக்காரே, இவரு வடநெம்மேலி பாக்கலியா தாத்தா?”ன்னா. எட்டு வயசு! கிப்ளிங்கை நீ கூட இப்பிடி மடக்கல.

டயரு கதையும் சொல்லு, ரெண்டு வருசம் போவட்டும். புள்ளகிட்ட சொல்லு, பீரோகிட்ட சொல்லாத.

அப்புறம், பீரோ மேல இப்ப இருக்கறது உன் ஆபீஸ் ஃபைலு. மேல அட்டை மட்டுந்தான் புலி. ஸ்டூலை யாரு புடிச்சாங்கன்னு என்னைக் கேக்காத, எனக்கு முட்டி வலி.