சிலமலை வட்டாரப் பீரோக் கேமராக்களும் அவற்றைப் பிரிக்கும் ஆயுதங்களும்: ஓர் ஆரம்பகட்ட ஆய்வு

போடியை அடுத்த சிலமலைப் பக்கத்துப் பீரோக்களில், கல்யாணப் பட்டுக்கு அடியில் உறங்கும் கேமராக்களை ஆய்வுலகம் இதுவரை திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் கேட்காமலே இக்கட்டுரை அப்பணியை ஏற்கிறது.

பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக் 3 கிடைத்தால் ஆய்வாளருக்கு வேலை குறைவு. 120 பிலிமில் 12 படம் எடுக்கும் அந்தப் பெட்டிக்குள் பழுதாவதற்கே அதிகம் எதுவும் இல்லை. சிக்கல் ஜப்பானிய யாஷிகாவில் தொடங்குகிறது.

முதற்கருவி திருப்புளி. ஜப்பான் கேமராவின் கூட்டல்குறித் திருகாணிக்கு அந்நாட்டு ஜேஐஎஸ் தரத் திருப்புளிதான் சரியாகப் பொருந்தும். மிக்சியைக் கழற்றும் பிலிப்ஸ் திருப்புளி முழுசாக இறங்காது, வழுக்கும், தலை மொழுக்கென்று ஆகிவிடும். அதன்பின் அதை இறைவனாலும் கழற்ற முடியாது. கழற்றியதாகத் தலபுராணங்களில் சான்றில்லை.

லென்ஸ் வளையத்தில் எதிரெதிரே இரண்டு பள்ளம் இருக்கும். அதற்கு லென்ஸ் ஸ்பேனர் வேண்டும். ஜியோமெட்ரி பாக்ஸ் கவராயமே போதும் என்பது பள்ளி மாணவர் மரபு. அம்மரபின் கல்வெட்டுகளை லென்ஸ்களின் மேல் இன்றும் வாசிக்கலாம்.

இனி பூஞ்சை. கீழே போடி காய்ந்து கிடந்தாலும், போடிமெட்டைத் தாண்டினால் ஏலத்தோட்டத்து ஈரம். தென்மேற்குப் பருவமழையில் தோலுறையோடு ஆணியில் தொங்கிய கேமராவின் லென்ஸுக்குள் சிலந்திவலைபோல வெள்ளை இழை படரும். குற்றவாளி தோலுறை, ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்கிறது. கேமராவை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஓர் இரவு வைத்தால் தீரும் என்றொரு கருதுகோளை முன்வைக்கலாம். முன்வைத்த கையோடு கைவிடவும் வேண்டும். காய்க்கு 50 டிகிரி சுகம். கேமராவுக்குள் கிரீஸ் இளகி அபர்ச்சர் இதழ்களில் இறங்கும், இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். பிறகு லைட்டர் பெட்ரோலைத் துளித்துளியாக விட்டுத் துடைக்க வேண்டியதுதான். காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருந்தால் இந்தப் பத்தியே தேவைப்பட்டிருக்காது.

சாமணம், தூசி ஊதும் ரப்பர் பந்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஆகியவற்றில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. விளிம்புள்ள எவர்சில்வர் தட்டும் அதில் விரிக்க வெள்ளைத் துணியும் சில்லறைச் சாமானாகத் தோன்றலாம். என் முடிவில் கருவிப்பெட்டியின் தலையாய கருவி அதுதான். தட்டில்லாமல் கழற்றும் திருகாணி எத்திசையில் தெறித்தாலும் கட்டிலுக்கு அடியில்தான் போய்ச் சேரும்.

வாசகர்களுக்கு ஒன்று மட்டும் விளையாட்டில்லாமல்: ஃபிளாஷ் உள்ளடங்கிய கேமராவைத் திறக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் கண்டன்சரில் 300 வோல்ட் வரை நிற்கும்.