ரேஸ் என்ஜின் கட்டுற பேரனுக்கு

ஏண்டா பேராண்டி, ஆர்எக்ஸ் 100ஐ ரேஸ் வண்டி ஆக்கிட்டியாமே! சைலென்சரை வெட்டியாச்சு, ஸ்டிக்கரும் ஒட்டியாச்சு. அப்புறம் என்ன வேலை பாக்கி? நீ அண்ணாகிராமத்துல கிளம்பினா சத்தம் கெடிலம் ஆத்துக்கு அந்தாண்ட கேக்குது. வண்டி வந்து சேரத்தான் நேரமாவுது.

நாங்கல்லாம் விவரம் கெட்டவங்க. பட்டறையில மோட்டார் கொட்டாய் டீசல் என்ஜின் சிலிண்டருக்கு போர் போடுவோம். உள்சுவரைக் கல்லால தேய்க்கிற ஹோனிங் முடிஞ்சதும் மேஸ்திரி சிலிண்டரை மேசை மேல வெச்சிட்டு டீக்கடைக்குப் போயிடுவாரு. நீ பார்த்திருந்தா சோம்பேறின்னு சொல்லியிருப்ப. ஆறினப்புறம் அளக்கலாம்னு விடுறாருடா! உன் வண்டிக்கு 50 மில்லிமீட்டர் போர். 30 டிகிரி சூடு ஏறினா, ஒரு மில்லிமீட்டரை நூறு கூறு போட்டா அதுல ஒண்ணரைக் கூறு கிட்ட அது விரியும். பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவுல விட வேண்டிய சந்தே சுமார் நாலு கூறுதான். தலைமுடியே அதைவிடத் தடிமன். சூட்டோட அளந்து நாலுன்னு எழுதினது, ஆறினப்புறம் ரெண்டரையா நிக்கும். நெல்லிக்குப்பம் தாண்டுறதுக்குள்ள பிஸ்டன் இறுகி சீஸ் ஆயிடும். போறப்ப நீ வண்டி மேல, வர்றப்ப வண்டியும் நீயும் டாடா ஏஸ் மேல. சொகுசுதான்.

போர் உள்சுவரும் மூஞ்சி தெரியற பளபளப்பா இருக்கக் கூடாதாம். ஆயில் நிக்கறதுக்குக் குறுக்கும் மறுக்கும் மெல்லிசா கோடு வேணுமாம். உனக்குப் பிடிக்காது, செல்ஃபிக்கு ஆவாது.

புகை வெளிய போற எக்ஸாஸ்ட் போர்ட்டை ராவி மேல தூக்கப் போறியாமே? பேஷா செய். மேல் சுத்துல பறக்கும், கீழ் சுத்துல செத்துடும். ரேஸ் டிராக்குல அது பரவாயில்ல. நீ ஓட்டுறது கரும்பு டிராக்டருக்குப் பின்னாலயாச்சே! நிமிஷத்துக்கு 9,000 சுத்துன்னா பிஸ்டன் நொடிக்கு 150 தரம் மேல போய் கீழ வரணும். ராவின ஓரம் கூரா நின்னுச்சுன்னா ரிங்கு மாட்டி ஒடையும். கூடுதலா ராவிட்டேன்னு திருப்பி ஒட்டவும் முடியாது.

நிஜமாவே ரேஸ் வண்டி கட்டின கரிவர்தன்னு ஒருத்தர் கோயம்புத்தூர்ல இருந்தாரு. மாருதி 800 தெரியுமில்ல, டாக்டர் வீட்டம்மா காய்கறி வாங்கப் போற காரு? அதோட 796 சிசி, 3 சிலிண்டர் என்ஜினை ஒத்தை சீட்டு காருல வெச்சு, ஃபார்முலா மாருதின்னு ரேஸ் விட்டாரு. எல்லாருக்கும் ஒரே என்ஜின்னு ஆயிட்டா, ஓட்டுறவன் துணிச்சலும் கட்டுறவன் கைநிதானமும்தான் முன்ன பின்ன ஆக்கும். 2005ல ஃபார்முலா ஒன் போன நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்துல ஓட்டினது ஃபார்முலா மாருதியைத்தான். கரிவர்தன் 1995ல விமான விபத்துல போயிட்டாரு. செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கு அவர் பேருதான் வெச்சிருக்காங்க. பாவம், ஸ்டிக்கர் கடை விலாசம் தெரியாத மனுஷன்.

சரி, உன் சிலிண்டரை போர் போடக் கொடுத்தியே, அந்தப் பட்டறைக்காரன் அளந்துட்டு டீ குடிக்கப் போனானா, டீ குடிச்சுட்டு வந்து அளந்தானா? கேட்டுட்டு வா. குடிக்கலைன்னா காசு நான் தரேன்.